பூக்க விட்ட தேயிலை

என் வீட்டுக்காரர் சோலைமலை நடந்தால் சத்தமே கேட்காது. கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய துரை பங்களாவுக்கு அவர்தான் சமையல்காரர். கோப்பையை மேசையில் வைப்பதும் தெரியக் கூடாது, எடுப்பதும் தெரியக் கூடாது என்று பழகிப் பழகி, சமையல் கட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் காம்பராவுக்குள்ளும் பூனை மாதிரிதான் வருவார். நான் அடுப்பில் குனிந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "என்னா புள்ள, கொழம்பா?" என்பார். எனக்கு உயிர் போய் உயிர் வரும். துரைக்குக் கேக்கும் புடிங்கும் செய்கிற அந்த மனுஷன், ராத்திரி என்னோடு தரையில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும்தான் சாப்பிடுவார்.

அவர் பிறந்தது லிந்துலையில், தொழிலாளர் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயத்தில். அங்கே அவருக்கு இரண்டு கூட்டாளிகள், அழகனும் வேலாயியும். லயத்து வாசலில் நின்றால் எதிர் மலை உச்சியில் அந்தத் தோட்டத்துப் பங்களா தெரியுமாம். இருட்டியதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். மூடுபனி இறங்கினால் மலை காணாமல் போய், வெளிச்சம் மட்டும் ஆகாயத்தில் நிற்கும். ஒரே கம்பளிக்குள் மூன்று பேரும் நின்று அதையே பார்ப்பார்களாம். "பெரியாளானதும் நாம மூணு பேரும் ஒரு பங்களாவுல படுத்து எந்திரிக்கணும்" என்று சத்தியம் பண்ணிக்கொண்டார்களாம். இந்தக் கதையை நான் கேட்காத மாதம் கிடையாது.

பிறகு அழகன் அட்டனில் லொறி ஓட்டப் போனார். வேலாயி வலப்பனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இவர் பங்களாவுக்கு விறகு சுமந்து, பாத்திரம் கழுவி, கடைசியில் கரண்டியைப் பிடித்தார். நான் பூரணி, வேறு தோட்டத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் கொழுந்து பறித்தவள். பங்களாக்காரரைக் கட்டிய அன்றே கூடையை இறக்கிவைத்தேன். துரை வீட்டுத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவதுதான் என் வேலை. மழையில் நனைவதில்லை, அட்டைக்கடி இல்லை, கங்காணி வாயில் விழுவதில்லை. என் விரல்கள் வெளுத்துச் சுத்தமாக இருக்கும். அதில் எனக்கு நிறையவே திமிர்.

அறுபத்தொன்றாம் வருஷம் துரை ஒரு சனி, ஞாயிறு கொழும்பில் தங்கப் போவதாகச் சொன்னார். துரைசானி அதற்கு முந்தின வருஷமே உடம்புக்கு முடியாமல் சீமைக்குப் போய்விட்டாள். பங்களாவில் மிச்சம் நாங்கள் இருவரும், வார நாட்களில் வந்து பூந்தோட்டம் பார்க்கிற செல்லசாமியும்தான்.

"கூப்புட்டுட்டேன் புள்ள" என்றார் இவர், மெதுவாக.

"யார?"

"அழகனையும் வேலாயியையும். சோடியோட வரச் சொல்லிட்டேன்."

"தொரைக்குத் தெரிஞ்சா வேலையும் போயிரும், இந்தக் காம்பராவும் போயிரும். அப்பறம் எங்க போயி நிப்பீங்க?"

"தெரியாது. எடுத்தது எடுத்த எடத்துல இருக்கும்."

நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அந்த மூன்று பேர் கம்பளிக்குள் எனக்கு இடமில்லை என்ற எரிச்சல் இன்னொரு பக்கம்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். அழகனும் அவர் மனைவி வீரம்மாவும், வேலாயியும் அவள் புருஷன் நல்லமுத்துவும். வேலாயி என் கையைப் பிடித்து, "மதினி, நல்லாருக்கீங்களா?" என்றாள். அவள் விரல் வெடிப்பில் எல்லாம் கொழுந்துக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. நான் மெல்லக் கையை உருவிக்கொண்டேன்.

இவர் அவர்களை நிறுத்திவைத்துச் சட்டம் படித்தார். துரை நாற்காலியில் உட்காரக் கூடாது. பியானோவைத் தொடக் கூடாது. கண்ணாடி அலமாரிப் பக்கமே போகக் கூடாது. எல்லாவற்றையும் சொன்னவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். புல்தரை ஓரத்தில் ஒரு வரிசைத் தேயிலை இருந்தது. தேயிலை பூத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டு, துரைசானி அதை வெட்டவும் பறிக்கவும் விடாமல் வளர்த்திருந்தாள். நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து, நடுவில் மஞ்சள் வைத்த வெள்ளைப் பூவாகப் பூத்திருந்தது. அவள் போனபிறகு துரை சாயங்காலமானால் அந்த வரிசைக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பார். யாரும் அதில் கைவைக்கக் கூடாது. ஆனால் தேயிலையைத் தொடாதே என்று ஒரு கொழுந்துக்காரியிடம் சொல்ல யாருக்குத்தான் தோன்றும்?

அன்று சாயங்காலத்தை இப்போது நினைத்தாலும், நடந்ததா கனவா என்று சந்தேகமாக இருக்கிறது. நல்லமுத்து அண்ணன் சுடுதண்ணித் தொட்டிக்குள் இறங்கியவர் ஏறவே மாட்டேன் என்றார். "தண்ணி ஆறட்டும் தங்கச்சி, வாறேன்" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. வீரம்மா சோபாவின் நுனியில், பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கணப்பில் சவுக்குக் கட்டை எரிந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாக மூடுபனி மெதுவாக உள்ளே வந்து, கம்பளத்தின் மேல் படிந்து, நெருப்புக்குக் கிட்டே வந்து கரைந்தது. மூன்று கூட்டாளிகளும் நெருப்பைப் பார்த்துக் கால் நீட்டி உட்கார்ந்து, "ஞாபகம் இருக்கா" என்று ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு கங்காணியின் தொப்பி, ஆற்றோடு போன ஒரு செருப்பு. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் அவர்கள் சிரித்தபோது வீரம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

பெண்கள் மூவரும் விருந்தாளி அறைக் கட்டிலில் படுத்தோம். மெத்தை உள்ளே வாங்கிக்கொண்டே போனது. வீரம்மா பயந்து தரையில் இறங்கிப் படுத்தாள். வேலாயி மட்டும் கண்ணை மூடாமல் மல்லாந்து கிடந்தாள்.

"தூங்கலையா?" என்றேன்.

"தூங்குனா விடிஞ்சிரும் மதினி" என்றாள்.

அதைக் கேட்டதும் அவள் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால், விடியலில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்கவில்லை. ஆனாலும் வேலாயி தப்பு அடிக்கிற நேரத்துக்கே எழுந்து வெளியே போய்விட்டாள். நான் கோப்பி ஊற்றும்போது சமையல் கட்டு ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து மூன்று பேருடைய பேச்சும் சிரிப்பும் மட்டும் வந்தது. எங்கே நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. அவர்கள் சின்னப் பிள்ளைகளாகி லிந்துலைக்கே போய்விட்டார்கள் போல இருந்தது.

வெயில் வந்து பனி விலகியது. நான் கோப்பித் தட்டோடு வெளியே போனேன். வேலாயி பேசிக்கொண்டே துரைசானி வரிசையின் கடைசிச் செடியில் நின்றாள். மடி நிறையக் கொழுந்து. உயரமாக நின்ற கிளைகளையெல்லாம் ஒடித்து, மட்டம் பார்த்து, பலகை மாதிரி ஆக்கியிருந்தாள். கீழே மண்ணெல்லாம் வெள்ளைப் பூ. பக்கத்திலேயே நின்ற இவருக்கும் அழகனுக்கும் அது கண்ணில் படவில்லை. அவளுக்கே தெரியவில்லை என்றால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் போட்ட சத்தத்தில்தான் மூவரும் விழித்துக்கொண்டார்கள். இவர் முகம் செத்துப்போனது. விஷயம் தெரிந்ததும் வேலாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கை பாட்டுக்குப் போயிருச்சு மதினி. பேசிக்கிட்டே இருந்தேன், கை பாட்டுக்குப் போயிருச்சு" என்று அழுதாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் கொழுந்து பறித்தவள்தானே.

"போனது போச்சு. இத என்னா செய்றது?" என்றார் அழகன், மடியைக் காட்டி.

"குடிச்சிருவோம்" என்றார் இவர்.

கொழுந்தை அடுப்புக்கு மேல் பரப்பி வாடவிட்டோம். உள்ளங்கைக்குள் வைத்து உருட்டிக் கசக்க வேண்டும். "வாங்க மதினி" என்று வேலாயி எனக்கும் ஒரு பிடி தந்தாள். ஆறு பேரும் சமையல் கட்டில் வட்டமாக உட்கார்ந்து கசக்கினோம். பச்சை வாசம் தலைக்கு ஏறியது. இவர் அதைச் சட்டியில் வறுத்துத் தேத்தண்ணி போட்டார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்தில் கொடுக்கிற தூள்தான். இது பொன் நிறத்தில், லேசாகப் பூ மணத்தோடு இருந்தது. "இதையா நாம இம்புட்டு நாளா பறிச்சுக் குடுத்தோம்?" என்று வேலாயி கேட்டாள். பின்னேர பஸ்ஸில் எல்லோரும் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை துரை வந்தார். காரிலிருந்து இறங்கி நேராக அந்த வரிசைக்குத்தான் போனார். பிறகு அவர் போட்ட சத்தம் சமையல் கட்டு வரைக்கும் கேட்டது. செல்லசாமி கைகட்டி நின்றான், பாவம், ஒன்றும் அறியாதவன்.

"நீதானே? உனக்குப் பத்துச்சீட்டு! வேலை இல்லை, போ!"

இவர் தேத்தண்ணித் தட்டோடு வெளியே போனார். நானும் பின்னால் போனேன். தட்டில் கோப்பை கடகடவென்று ஆடியது. அவர் கையில் பாத்திரம் சத்தம் போட்டதை அன்றுதான் முதலில் கேட்டேன். உண்மையைச் சொல்லப் போகிறார் என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் ராத்திரிக்கு எங்களுக்குக் கூரை இல்லை.

முந்திக்கொண்டு போய், "நாந்தாங்க தொரை பறிச்சேன்" என்றேன்.

துரை திரும்பினார். "நீ? ஏன்?"

"முந்தி கொழுந்து பறிச்சவங்க. பனிக்குள்ள நின்னேன். கை பாட்டுக்குப் போயிருச்சுங்க."

அவர் நம்பவில்லை. "கை காட்டு" என்றார். நீட்டினேன். உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் முந்தின நாள் கசக்கிய கறை, எத்தனை சோப்புப் போட்டும் போகாமல் கறுத்துக் கிடந்தது. துரை அதையே பார்த்தார். கோபத்தைவிட அவர் முகத்தில் வேறு ஏதோ இருந்தது. பாவமாகவும் இருந்தது எனக்கு. குனிந்து கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் பெரட்டுக்கு வா. பங்களாவில் உனக்கு வேலை இல்லை" என்றார். செல்லசாமியிடம், "போய் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் விடியுமுன்னே இவர் என் பழைய கூடையைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, தானே கயிறு போட்டுக் கட்டிவிட்டார். அழுதார். நானும் அழுதேன். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போனேன்.

அடுத்த தைப்பொங்கலுக்கு அட்டனில் அழகன் வீட்டில் கூடினோம். என் விரல்களும் வேலாயி விரல்கள் மாதிரியே ஆகியிருந்தன. சாப்பிட்டு முடித்ததும் இவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"லயத்து வாசல்ல நின்னா எதுத்தாப்புல பங்களா தெரியும். ஒரே கம்பளிக்குள்ள நாங்க நாலு பேரும் நின்னுக்கிட்டு..."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தாலி கட்டிய அன்றைக்குத்தான் நான் அவர் முகத்தையே பார்த்தேன். லிந்துலை லயத்தை என் கண்ணால் கண்டதில்லை. அழகன் திருத்துவார் என்று பார்த்தேன். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள் வேலாயி. "இந்தப் பூரணிதான் கம்பளி முழுசையும் தன் பக்கமே இழுத்துக்குவா."

"குளிருச்சு, இழுத்தேன்" என்றேன்.