பற்றவைத்த சக்கரம்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது என் வேலை. கணவருக்கு அங்கேயே சூளையில் வேலை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அவருடைய பழைய பைக்கில் பஸ் போகும் ரோட்டிலேயே இருவரும் போய்வருவோம்.

போன மழைக்காலத்தில் பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். சக்கரத்தின் நடுவில் கம்பிகள் மாட்டும் ஹப்பில் விரிசல்.

"இந்த மாடலே இப்ப வரலீங்க. பழசும் கெடைக்காது. பத்தவெச்சுத் தரேன், ஆனா பின்னாடி ஆள் ஏத்தாதீங்க" என்றார்.

அதன்பின் நான் பஸ்ஸில் போனேன். ஒருநாள் சாயங்காலம் பஸ் வரவில்லை.

"மெதுவா ஓட்டுறேன், ஏறு" என்றார் கணவர்.

"வேணாங்க, பயமா இருக்குது" என்றேன். ஆனாலும் ஏறினேன்.

விருத்தாசலத்தைத் தாண்டுமுன்பே ஹப் பிளந்து சக்கரம் இறுகிக்கொண்டது. இருவரும் விழுந்தோம். பின்னால் வந்த லாரி என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

உயிர் தப்பியது. ஆனால் என் வலது மணிக்கட்டு எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. பிரஷ் பிடித்தால் கை நடுங்குகிறது. இப்போது பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிறேன்.

அவர் அதே ஹப்பை மறுபடி பற்றவைத்து ஓட்டுகிறார். "இப்பல்லாம் விடியறதுக்குள்ள சூளைக்குப் போவணும். அந்நேரத்துக்கு பஸ்ஸு ஏது?" என்கிறார்.

நான் யார் வண்டியிலும் ஏறுவதில்லை. காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் எங்காவது அவர் வண்டி கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறேன்.