ஒட்டு மாவும் பொன்னுத்தாயின் அவசரமும்

ஒட்டு மாங்கன்று கட்டி விற்பவளுக்குக் கத்தியைவிட நாக்குக் கூராக இருக்கவேண்டும். பெரியகுளத்தில் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடுவே இந்த வியாபாரத்தை நடத்தும் எனக்கு இரண்டும் கூர்தான். கன்று வாங்க வருகிறவர்களிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் சகோதரிகளே, கேளுங்கள்.

கொட்டை செய்த துரோகம்

ஜெயமங்கலத்துப் பொன்னுத்தாயி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷனும் அவன் அண்ணனும் பாகம் பிரித்ததில், மாமனார் வைத்த மாமரம் அண்ணன் பக்கம் போய்விட்டது. தை அறுப்பு முடிந்ததும் அதை வெட்டிவிட்டு மாட்டுக்கொட்டம் போடப்போகிறாராம். அந்த மரத்துக் கொட்டையை முன்பே ஊன்றிப் பார்த்திருக்கிறாள். காய்த்தது பல் கூசும் புளிப்பு.

புளிக்காமல் என்ன செய்யும்? கொட்டையில் வேறு மரத்து மகரந்தமும் கலந்திருக்கும். கிளை அப்படியல்ல. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிந்து பிரிந்துதான் கிளை வளர்கிறது. நான் படித்த கான்வென்ட்டில் மதர் வெங்காய வேர் நுனியைச் சாயத்தில் தோய்த்து, மைக்ராஸ்கோப்பில் காட்டியிருக்கிறார். உயிரணுவுக்குள் நூல்நூலாக இருக்கும். ஒவ்வொரு நூலும் முதலில் தன்னைப்போலவே இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும். எல்லாம் நடுவில் வரிசை கட்டும். பிறகு இணை பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகும். நடுவே சுவர் எழும். இரண்டு வீட்டிலும் முழுச் சொத்து! அதனால் கிளையை ஒட்டினால் அதே பழம்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பொன்னுத்தாயி சொன்னாள்: "எங்க வீட்டு ஆம்பளைகளுக்கு இந்த வெங்காயத்தோட புத்தி இல்லையேக்கா!"

அவிழ்த்துப் பார்த்த கை

"வெட்டுறதுக்குள்ள முடிச்சுக்கங்க" என்றார் மூத்தவர். ஆடியில் மரத்தடியில் பரண் போட்டு, தொட்டிக் கன்றைக் கிளையருகே ஏற்றினேன். இரண்டிலும் ஒருபக்கப் பட்டையைச் சீவி, சீவிய முகங்களைப் பொருத்தி, வாழைநாரால் இறுக்கிக் களிமண்ணும் சாணியும் பூசினேன். காயம் பட்டதும் பட்டைக்கு அடியிலுள்ள அணுக்கள் பரபரவென்று பிரிந்து பெருகும். இரு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதுவரை அசையக்கூடாதென்று தலையிலடித்துச் சொன்னேன்.

ஆவணியில் போனால் நார் தொளதொளவென்று கிடக்கிறது. தினமும் விடிந்ததும் அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறாள்! உள்ளே ஒட்டவே இல்லை. கொஞ்சம் மேலே வேறு இடத்தில் சீவி, புதிதாகக் கட்டினேன். தைக்குள் பிடிக்குமா என்று விரல்விட்டு மாதத்தை எண்ணினேன். "ஒடிந்த கைக்குக் கட்டிய கட்டைத் தினமும் பிரிப்பாயா?" என்று கத்தினேன். அவள் சொன்னாள்: "பாகம் பிரிஞ்ச வீட்டுக்காரியக்கா நானு, சேந்துருச்சான்னு பாக்காம எப்படி இருக்குறது?"

மாட்டுக்கொட்டத்துக்காரர்

மார்கழியில் ஒட்டு பிடித்தது. தாய்க்கிளையை ஒட்டுக்குக் கீழேயும் கன்றின் தலையை ஒட்டுக்கு மேலேயும் அறுத்துத் தொட்டியை இறக்கினோம். பொங்கல் கழிந்து பெரிய மரம் விழுந்தது.

சில வருஷத்தில் பொன்னுத்தாயின் மரம் காய்த்தது. அதே வாசம், அதே நாரில்லாத சதை. அந்தக் கோடையில் மூத்தவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலில் நிற்கிறார். "தம்பி வீட்டு மரத்துலருந்து ஒரு ஒட்டு..." என்று இழுத்தார். "ஏன், மாட்டுக்கொட்டம் காய்க்கவில்லையா?" என்றேன். அவருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள் பொன்னுத்தாயி: "ஏசாதீகக்கா, நாந்தான் கூட்டியாந்தேன். அவுகளுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க. இந்தப் பாகத்துல யாருக்குக் கொறையப்போகுது?"

அணுக்கள் தாமாகவே பிரிந்து தாமாகவே சேர்ந்துகொள்ளும். அவிழ்த்துப் பார்க்க வரும் மனுஷருக்குப் பயந்துதான் முடிச்சை இத்தனை இறுக்கிப் போடவேண்டியிருக்கிறது.