அப்பா சாப்பிடாத ஜிலேபி

பத்து வயதில் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. காலையில் வந்த வியாதி அன்று மத்தியானமே போய்விட்டது. வந்ததற்கும் போனதற்கும் என் மடத்தனம்தான் காரணம். மருத்துவ உலகம் இந்தச் சாதனையைக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் உறவுக்காரர்கள் அப்படி விடுவார்களா? கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் இன்றைக்கும் யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள், அதுவும் கண் காது மூக்கெல்லாம் வைத்து. அதற்கு நானே சொல்லிவிடுவது கௌரவம்.

உண்மையான வியாதிக்காரர் அப்பா. எழுபதுகளின் கடைசி. முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. தறிக்குப் பக்கத்திலேயே ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் சர்க்கரை என்றார். தாத்தாவுக்கும் அதே வியாதிதான். கால் கட்டைவிரலில் வந்த சின்னப் புண் ஆறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. அந்தப் புண்ணைத் தினமும் கழுவிக் கட்டியவள், அப்போதுதான் மருமகளாக வந்திருந்த என் அம்மா.

அதனால் பத்தியம் என்பது எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மட்டும் சொன்ன விஷயமாக இல்லை. அரிசிச் சோறு குறைந்தது, கோதுமைக் கஞ்சி வந்தது, கேழ்வரகுக் களி வந்தது, பாகற்காய் வந்து நிரந்தரமாகவே தங்கிவிட்டது. வீராம்பட்டினத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மாவிடம் மட்டும் அம்மா தாராளமாக வாங்குவாள். மீனுக்கு டாக்டர் தடை சொல்லவில்லை. அப்பாவுக்கு உயிரான விஷயம் ஒன்று உண்டு. அடுப்பிலிருந்து சூடாக வரும் நீள ரொட்டியைப் பிய்த்து, தித்திப்பான காப்பியில் முக்கி, மொறுமொறுப்பு பாதி ஊறியும் பாதி ஊறாமலும் இருக்கிற அந்த ஒரு நொடியில் வாயில் போட்டுக்கொள்வது. புதுச்சேரிக்காரனிடம் போய் அதை விடச் சொல்வதும் மூச்சை விடச் சொல்வதும் ஒன்று. அப்பா விட்டார். ரொட்டிக்காரன் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

சாயங்காலம் ஆலையிலிருந்து வந்ததும் அம்மா அவரை வாசற்படியில் உட்காரவைத்து, இரண்டு பாதங்களையும் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, விரல் இடுக்கெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பாள். எந்தக் கடைப் பக்கம் போய் வந்தார் என்று காலில் ஒட்டிய மண்ணை வைத்துத் துப்பறிகிறாள் என்று நான் நினைத்தேன். என் அறிவு அந்த வயதில் அப்படித்தான் வேலை செய்தது. இப்போதும் பெரிய முன்னேற்றம் இல்லை என்று என் மனைவி சொல்கிறாள்.

காலையில் இன்னொரு சடங்கு. அப்பா ஒரு கண்ணாடி பாட்டிலில் சிறுநீர் பிடித்து, கொட்டாங்குச்சியால் மூடி, குளியலறைச் சுவரோரம் வைத்துவிடுவார். மருந்துக் கடையில் வாங்கிய நீலத் தண்ணீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் அம்மா காய்ச்சுவாள். நீலம் நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று ஏற ஏற ஆபத்து. அந்தக் காலத்தில் வீட்டில் பார்க்க அதுதான் வழி. மற்ற வீடுகளில் காலையில் சாம்பார் கொதிக்கும், எங்கள் வீட்டில் முதலில் இது கொதிக்கும். நீலம் என்றால் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைப்பாள். பச்சை என்றால் பாத்திரங்கள் பேசும்.

மாதக்கணக்கில் நீலமாகவே ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குப் பெரியப்பா வந்தார். அவர் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர் வழக்கில் ஒரு சொல்தா. பாரீசிலேயே தங்கிவிட்ட அவர் விடுமுறைக்கு வந்தால் பெட்டியைத் திறப்பது தெருவுக்கே ஒரு விசேஷம். அந்த முறை அப்பாவுக்கென்று அலுமினியக் குழாய்கள் நிறையக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றிலும் காசு அளவில் மாத்திரைகள். ஒன்றைத் தண்ணீரில் போட்டதும் அது சீறிக்கொண்டு சுழன்று கரைந்து, டம்ளர் முழுக்க ஆரஞ்சு வாசனை. வைட்டமின் என்றார். அங்கே எல்லோரும் இதைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள், பனியில்கூட ஒருத்தனும் தும்முவதில்லை, தம்பி உடம்பு இரும்பாகிவிடும் என்று சொல்லிவிட்டு, விடுமுறை முடிந்து விமானம் ஏறிவிட்டார்.

கடல் தாண்டி வந்த மாத்திரையைச் சந்தேகப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. அப்பா காலையில் ஒன்று குடித்தார். நானும் குடித்தேன், யாருக்கும் சொல்லாமல். எனக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. ஒன்றை, சில நாள் இரண்டை, நாக்கில் வைத்து வாயை மூடிக்கொண்டால் உள்ளே தீபாவளி. நுரை உதட்டோரம் வழிய, வெறி பிடித்தவன் மாதிரி கொல்லையில் நின்று நான் அனுபவித்த ஆனந்தத்தை வேறு எந்தப் பண்டமும் பிற்பாடு எனக்குத் தரவில்லை.

கொஞ்ச நாளில் நீலம் பச்சையானது. பிறகு மஞ்சள். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். அம்மா சோற்றை இன்னும் குறைத்தாள். மறுபடி மஞ்சள். ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மிட்டாய்க் கடை இருந்தது. ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாக அங்கே ஜிலேபி பிழிவார்கள். அம்மாவின் சந்தேகம் நேராகப் போய் அங்கே உட்கார்ந்தது.

சாப்பாட்டுத் தூக்கை வாங்கி வரும் சாக்கில் அம்மா என்னை ஆலை வாசலுக்கு அனுப்பினாள். உளவு என்பதைச் சொல்லாமலே புரிந்துகொண்டேன். அப்பா என்னைச் சைக்கிள் பின்னால் ஏற்றிக்கொண்டார். மிட்டாய்க் கடை வந்ததும் வண்டி தானாக நின்ற மாதிரி நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எண்ணெயில் சுற்றிச் சுற்றி விழும் மாவையே அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஜிலேபி வாங்கி என் கையில் கொடுத்தார். நான் தின்று முடிக்கும்வரை வேறெங்கும் பார்க்கவில்லை. நான் மென்றால் அவர் தொண்டை அசைந்தது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு மிதிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து, அப்பா எதுவும் சாப்பிடவில்லை என்று நிமிர்ந்து நின்று சாட்சி சொன்னேன். என் சட்டையில் பாகு வழிந்திருப்பதை அம்மா பார்த்தாள். அப்பா ஜிலேபி வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்துவிட்டார் என்று முடிவு கட்டினாள். உண்மை பேசியும் நம்பப்படாதவன் ஆவது எனக்கு அதுதான் முதல் தடவை. பொய் பேசி நம்பப்பட்டதெல்லாம் வேறு கணக்கு.

அன்று சாயங்காலம் அப்பாவின் கால்களைப் பார்த்து முடித்த பிறகும் அம்மா மடியிலிருந்து இறக்கவில்லை. சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து நான் கதவோரம் வசதியாக உட்கார்ந்திருந்தேன். அவள் குரல் எழும்பவே இல்லை.

"சாப்ட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"சாப்டலியே. சாப்டாததை எப்படி சொல்றது?"

"திருட்டுத் தீனின்னா நிறுத்திக்கலாம். அதுவும் இல்லன்னா நான் இன்னும் எதைத்தான் நிறுத்தறது?"

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாப்ட்டேன். தெனமும்தான் சாப்ட்டேன். இனிமே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் கண்ணால் பார்த்த சாட்சி. அடி விழாமலே குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஆளை அதுவரை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. அதைவிட அதிசயம் அம்மா. கோபமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், மீன் குழம்பைச் சூடு பண்ணி, நடுத்துண்டை எடுத்து அப்பாவுக்கு வைத்தாள். அன்று அவளுக்கு நல்ல தூக்கம். கொர் கொர் என்று அவள் குறட்டை விட்டதை நான் கேட்டேன். பெரியவர்கள் உலகத்தில் உண்மை சொன்னால் சந்தேகமும் பொய் சொன்னால் மீனும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் சாப்பிடாத ஜிலேபியை எப்படி நிறுத்துவது? மறுவாரமும் மஞ்சள்தான். "பழசு உடம்புல இருக்கும், போகப் போக எறங்கும்" என்று அம்மா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்பாதான் மாறிப்போனார். முன்பெல்லாம் காய்ச்சும் பக்கமே வராதவர், இப்போது அவள் பின்னால் வந்து நின்று குழாயைப் பார்த்தார். கட்டைவிரலை அடிக்கடி அமுக்கிப் பார்த்தார். உடம்பில் தெம்பு சேரட்டும் என்று வைட்டமினைக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று ஆக்கிக்கொண்டார். நிறம் ஆரஞ்சுக்குப் போனது.

இந்த இடத்தில்தான் என் மூளை களத்தில் இறங்கியது. அப்பா நிரபராதி. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே காப்பாற்ற வேண்டியவன் நான். எனக்குச் சர்க்கரை கிடையாது, என்னுடையதைக் காய்ச்சினால் வானம் மாதிரி நீலம் வரும், வீடு சந்தோஷமாகிவிடும். மறுநாள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அப்பாவின் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்து, கழுவி, என் சொந்தச் சரக்கை நிரப்பி, கொட்டாங்குச்சியை முன்போலவே வைத்தேன். பிறகு தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தேன்.

குழாய் கொதித்தது. பச்சை வந்தது. மஞ்சள் வந்தது. பிறகு, அப்பாவுடையதைத் தோற்கடிப்பது போல நல்ல ஆரஞ்சு.

"அம்மா, அது என்னுதும்மா" என்று கத்திவிட்டேன்.

என்னுது என்றால் என்ன என்று அம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் குழாய் அவள் கையிலிருந்து விழுந்து உடைந்தது. நான் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றபடி அழுதேன். எந்தக் காலை எடுப்பார்கள் என்று தெரியாததால் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். அப்பா ஆலைக்குப் போகவில்லை. அடுப்பு மூட்டவில்லை. மூன்று பேரும் ஒரே ரிக்‌ஷாவில் டாக்டர் வீட்டுக்குப் போனோம். வழி முழுக்க அம்மா என்னை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா ஒடுங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து, வியாதியைத் தன் கையாலேயே எனக்குக் கொடுத்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வயதான டாக்டர், பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் படித்தவர். இரண்டு பேர் கையிலும் ரத்தம் எடுத்து, பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். பெஞ்சில் பசியோடு காத்திருந்தோம். மத்தியானம் சீட்டு வந்தது. பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். எனக்கு ஒன்றுமே இல்லை. அப்பாவுக்கோ முன்பைவிட நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, சமீபமாக வீட்டில் புதிதாக என்ன தின்கிறாய் என்றார். கால் போவதைவிட மானம் போவது மேல் என்று, மாத்திரை, நுரை, கொல்லை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்ததில் மேசை ஆடியது.

"அந்த நீலத் தண்ணிக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா. சர்க்கரை வந்தாலும் மாறும், இந்த வைட்டமின் அளவுக்கு மேல வந்தாலும் மாறும். உடம்பு வேணாம்னு வெளிய தள்ளுனதைத்தான் நீங்க தெனம் காய்ச்சிப் பாத்திருக்கீங்க."

மாத்திரை அப்பாவின் நோயைத் தீர்க்காது, அவரைக் காப்பாற்றி வருவது அம்மாவின் சமையல்தான், அந்தச் சத்து வேண்டுமென்றால் ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். திரும்பும்போது ரிக்‌ஷா பாதி வழி வந்த பிறகுதான் அம்மாவின் சிரிப்பு நின்றது.

"அப்ப அந்த ஜிலேபி?"

அப்பா ரிக்‌ஷாக்காரரிடம் வலப்பக்கம் திரும்பச் சொன்னார். அது எங்கள் வழியே இல்லை. அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சோதனைக் குழாய் உடைந்த வருத்தம் என்று நினைத்து, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னேன்.

எனக்கும் இப்போது பத்தியம்தான். ஒவ்வொரு நாளும் என் தட்டை என் மனைவி பார்க்கிற பார்வையைப் பார்த்த பிறகுதான் சில கணக்குகள் எனக்குச் சரியாக வந்தன. அன்று அப்படி இல்லை. கண்ணால் பார்த்த சாட்சியை விட்டுவிட்டுப் பொய்யை ஒப்புக்கொண்டவர்மேல் எனக்குக் கோபம். சாயங்காலம் கொல்லையில் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அப்பாவின் எதிரில் போய் உட்கார்ந்து, சாப்பிடாததை ஏன் சாப்பிட்டேன் என்று சொன்னாய் என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. ஜிலேபிக்கும் அவர் சொன்ன பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.

"உங்கம்மா தூங்கவே இல்லடா."