எழுத்துப் பாண்டி

போன வாரம் டிவியில் ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை ஓடவிடுங்கள், குதிக்கவிடுங்கள், உடம்பு அசைந்தால்தான் மூளைக்கு ரத்தம் நன்றாகப் போகும், அப்போதுதான் படித்தது மண்டையில் நிற்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

டாக்டர் சொன்னதை அம்மா எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு அபார்ட்மெண்ட்டின் கார் பார்க்கிங்கில், ஈரத்துணி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தாள். அவளை யாரும் டிவிக்குக் கூப்பிடவில்லை.

அப்போது நாங்கள் அந்த அபார்ட்மெண்ட்டின் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு மன்னார்புரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. நான் நாலாம் வகுப்பு. தில்லை நகரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு வேனில் போய்வருகிறவள் என்ற கர்வம் எனக்கு நிறையவே உண்டு. தம்பிக்கு ஆறு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சே தாமதமாகத்தான் வந்தது. அதோடு ஓர் இடத்தில் உட்காரமாட்டான். பக்கத்துத் தெரு நர்சரியில் சேர்த்த சில மாதங்களிலேயே, இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று நயமாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு இதற்கெல்லாம் ஒரு பெயர் இருக்கும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த பெயர் ‘துறுதுறு’தான்.

அம்மா அவனை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு சிலேட்டில் அ எழுதிக் காட்டுவாள். அவனும் அ என்பான். எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் எழுத்து போன இடம் தெரியாது. விழலுக்கு இறைத்த நீர் என்று அப்பா ஒருநாள் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே வருத்தப்பட்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். கோடை விடுமுறைக்குள் அவனுக்கு என் பள்ளியில் இடம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் மணப்பாறை போகிற வழியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஹாஸ்டல் பள்ளி இருக்கிறது, அங்கே விட்டுவிட வேண்டியதுதான். ‘இந்த மாதிரி’ என்றால் எந்த மாதிரி என்று நான் கேட்டேன். அம்மா அன்று சாப்பிடவில்லை.

அப்பாவின் அக்கா, என் அத்தை, தில்லை நகரில் இருந்தாள். என் பள்ளியின் பெரிய மேடம் அவளுக்குப் பழக்கம். பேசிப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள். மே மாதத்தில் ஒருநாள் கூட்டி வரச் சொல்வார்கள், அதற்குள் அவனுக்கு எழுத்து வந்துவிட்டால் நல்லது என்றாள்.

எழுத்து எங்கே வருவது? அது வந்த வழியைத்தான் சொல்ல வந்தேன்.

நானும் மாடிவீட்டுப் பெண்ணும் பார்க்கிங்கில் கட்டம் போட்டுப் பாண்டி விளையாடுவோம். உடைந்த டைல்ஸ்தான் எங்கள் சில்லு. கட்டங்களுக்குள் ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருப்போம். தம்பி எங்கள் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருவான். ஆம்பளைப் பையன் பாண்டி ஆடுவதா என்று மாடிவீட்டுப் பெண் முகத்தைச் சுளிப்பாள். அவனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஒருநாள் துணி உலர்த்த வந்த அம்மா நடுவழியில் நின்றாள். தம்பி ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே நாலு, அஞ்சு, ஆறு என்று சரியான கட்டத்தில் சரியான எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

எண்களையெல்லாம் அழித்துவிட்டு அ, ஆ, இ எழுது என்று என்னிடம் சொன்னாள். ஆட்டம் கெட்டுவிடும் என்று நான் முறுக்கிக்கொண்டேன். அம்மாவே போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்து எழுதினாள். சாயங்காலம்வரை அவன் குதித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் காலையில் தோசையைக் கையில் கொடுத்துவிட்டு, சிலேட்டில் ஆ எழுதி இது என்ன என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் விழித்தான். பிறகு அவன் வலது கால் கட்டைவிரல் தரையில் மெல்ல எழும்பி எழும்பி இறங்கியது. ஆ என்றான். அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தோசை அவன் கையிலிருந்து அம்மாவின் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வெறிதான். விடியற்காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கோலம் போடுகிற இடத்தில் பாண்டிக் கட்டம் போட்டாள். ஒரு வரிசை தமிழ், இன்னொரு வரிசை ஏ, பி, சி. கார் எடுக்க வருகிறவர்கள் முணுமுணுத்தார்கள். என்னம்மா கோலம் இது என்று வாட்ச்மேன் கேட்டார். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை.

ஆனால் அத்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பை நிறைய மணப்பாறை முறுக்கோடு அத்தை வந்தாள். கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் பழைய செய்தித்தாள் மேல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இங்கே தன் தம்பி மகன் அகர முதல எழுத்தையெல்லாம் காலால் மிதித்து ஆடுகிறான். அத்தை கெட்டவள் இல்லை; பயந்தவள். அவளுக்கு முகமே வெளிறிவிட்டது.

“எழுத்தை மிதிக்கலாமா? படிப்பு வரணுமேன்னு தவிச்சுக்கிட்டு இருக்கோம், சரஸ்வதியவே மிதிக்க விடுறியே” என்றாள்.

“கத்துக்கத்தானே மிதிக்கிறான் அண்ணி. அவ கோவிச்சுக்க மாட்டா” என்றாள் அம்மா.

சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளூர உறுத்தல் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆட்டத்தில் ஒரு புது விதியைச் சேர்த்தாள். குதித்து நின்று எழுத்தைச் சொன்னதும், குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போகவேண்டும். குதி, சொல், குனி, ஒற்று. தம்பிக்கு இது முன்னைவிடப் பிடித்துப்போனது. கண் இமையெல்லாம் கோலப்பொடியாக, வெள்ளைப் புருவத்தோடு திரிந்தான். மே மாதம் பிறந்தபோது அவனுக்கு வராத எழுத்து கொஞ்சம்தான் பாக்கி.

பள்ளியில் கூப்பிட்ட அன்று நானும் போனேன். இன்டர்வியூ எல்லாம் இல்லை, சும்மா பேசிப் பார்ப்போம் என்று மேடம் சொன்னார். அந்த அறையில் ஏசி ஓடியும் அப்பாவுக்கு வியர்த்தது. தம்பியை ஒரு பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேடம் மேஜையில் எழுத்து அட்டைகளைப் பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார். தம்பி அட்டையைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். நான் அவன் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் எழும்பியது. ஆனால் நாற்காலி உயரம். கால் தரைக்கு எட்டவில்லை. அது வெறும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா எழுந்து, “கொஞ்சம் கீழ எறங்கிக்கட்டுமா மேடம்?” என்று கேட்டாள்.

மேடம் தலையாட்டினார். தம்பி இறங்கினான். முதலில் புது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு மேஜையிலிருந்த அட்டைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தான். ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். குதித்தான், அ என்றான், குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அடுத்து ஆ. தமிழ் முடிந்ததும் திரும்பி ஆங்கிலத்தில் வந்தான். வழுக்குகிற அட்டைமேல் ஓரிடத்தில்கூட விழவில்லை, ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. நான் கை தட்டினேன். அறையில் வேறு யாரும் தட்டவில்லை.

மேடம் குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கைக்குட்டையால் துடைத்து அடுக்கினார். தம்பியைக் கிரவுண்டுக்குக் கூட்டிப் போய் விளையாடு என்று என்னை அனுப்பிவிட்டார். நாங்கள் போன பிறகு அவர் அன்பாகத்தான் பேசினாராம். பையன் நல்ல பையன், ஆனால் வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வேண்டுமே, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வேறு இடம் இருக்கிறது, அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றாராம். இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், தம்பி எல்லா எழுத்தையும் சரியாகச் சொல்லிவிட்டான் என்பதுதான். சொன்னால் பாஸ். அதுதானே பள்ளிக்கூடத்துச் சட்டம்? கேட்டில் நின்ற வாட்ச்மேனிடம் என் தம்பிக்கு சீட் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். ஜூன் மாதம் வேனில் அவனை ஜன்னலோரம் உட்கார வைப்பதா, நான் உட்காருவதா என்பது மட்டும்தான் என் கவலை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வீட்டுக்குத் திரும்பினோம். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் தண்ணீரே இல்லை, மணல்தான். தம்பி அம்மாவின் மடியில் நின்று குதித்துக்கொண்டிருந்தான்.

“எல்லாத்தையும் சரியாத்தானே சொன்னான்” என்றாள் அம்மா.

“குதிச்சுத்தானே சொன்னான்” என்றார் அப்பா.

நான் தொண்ணூற்றெட்டு வாங்கினாலும் மீதி இரண்டு எங்கே என்று கேட்கிறவர் அப்பா. தம்பியின் மார்க்கிலும் குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தகரப் பெட்டி வாங்கி வந்து, அதன்மேல் அப்பா பெயின்ட்டில் தம்பியின் பெயரை எழுதிய அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அழுதேன். தம்பி என்னைத் தள்ளிவிட்டு, தன் பெயரின் முதல் எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பெயின்ட் காயவில்லை. ஹாஸ்டலுக்குப் போகும்போது அவன் இமையில் சிவப்புக் கறை இருந்தது.

அவன் போன பிறகும் அம்மா தினமும் கட்டம் போட்டாள். மேடத்தின் அட்டைகளில் இல்லாத, அவனுக்கு வராமல் பாக்கியிருந்த எழுத்துகளை எழுதினாள். அவள் எனக்காகப் போடுகிறாள் என்று நான் நினைத்தேன். எனக்குத்தான் இதெல்லாம் எப்போதோ தெரியுமே என்று சலித்துக்கொண்டே, அவளைச் சந்தோஷப்படுத்த இரண்டு குதி குதித்துவிட்டு வேனுக்கு ஓடுவேன். குனிவதெல்லாம் கிடையாது, யூனிஃபார்ம் கசங்கிவிடும்.

தீபாவளிக்குத் தம்பி வந்தான். வந்ததும் சுவரோரமாகச் சம்மணமிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான். சொன்னால்தான் எழுந்தான். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை எப்படி அடங்கிவிட்டான் பார் என்று அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார். அம்மா அவன் முன்னால் உட்கார்ந்து சிலேட்டில் ஆ எழுதிக் காட்டினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் அசையவில்லை. அவனைப் பார்க்கிங்குக்குக் கூட்டிப் போனாள். காலையில் போட்ட கட்டம் அப்படியே இருந்தது. அவன் ஓரத்திலேயே நின்றுவிட்டான். நான் குதித்துக் காட்டினேன், இழுத்தும் பார்த்தேன். அவன் பின்னால் நகர்ந்து, “கால் வைக்கக் கூடாது. மிஸ் அடிப்பாங்க” என்றான். அதற்கு முன் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

தம்பி இப்போது எங்களோடுதான் இருக்கிறான். அப்பா இருந்த அதே கடையில் பொருள் எடுத்துக் கொடுக்கிறான். எந்தப் பெட்டி எந்த நிறம் என்று அவனுக்கு அத்துப்படி. பெட்டிமேல் இருக்கிற பெயரை வாசிக்கமாட்டான்.

அந்தத் தீபாவளி லீவு முடிந்து அவனை மறுபடி பஸ் ஏற்றிவிட்ட மறுநாள் காலை. மழை விட்டுத் தரை ஈரமாக இருந்தது. அம்மா அன்றும் கட்டம் போட்டிருந்தாள். எனக்கு நேரமாகிவிட்டது, குதிக்காமல் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வேனில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வேன் திரும்பும்போது பார்த்தேன். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகக் குனிந்து, எழுத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பெண் உங்கம்மா என்ன பண்றாங்க என்று கேட்டாள். மிதித்தால்தானே தொட்டுக் கும்பிட வேண்டும்? அன்றைக்குத்தான் அந்த எழுத்துகளை யாருமே மிதிக்கவில்லையே.