வயிற்றுச் சவ்வும் மச்சானும்

என் சிறுநீரகங்கள் ஓய்ந்த பிறகு, வயிற்றுக்குள் இருக்கும் சவ்வுதான் அவற்றின் வேலையைப் பார்க்கிறது. பையில் வரும் சர்க்கரைத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். அது கழிவையும் உடம்பில் தேங்கும் நீரையும் சவ்வு வழியாக இழுத்துக்கொள்ளும். சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுப் பை மாட்ட வேண்டும். அப்போது அறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டுக்கொள்வேன். கிருமி உள்ளே போனால் ஆபத்து.

போன மாசியில் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. வாழைத்தார் நிறுக்கும் கொக்கித் தராசில் வடித்த பையைத் தொங்கவிட்ட மனைவி, விட்டதைவிடக் குறைவாக வந்திருக்கிறது என்றாள். சவ்வு கெட்டிருந்தால் வாரம் மூன்று நாள் தேனிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினில் படுக்க வேண்டும். ஆரம்பத்தில் கழுத்தில் குழாயோடு அப்படிப் படுத்தவன் நான். 

ஆஸ்பத்திரியில் வயிற்றில் தண்ணீரை விட்டு, இடையிடையே கொஞ்சம் எடுத்துச் சோதித்தார்கள்.

"சவ்வு கெடல," என்றார் டாக்டரம்மா. "ஆனா ரொம்ப வேகம். சர்க்கரையச் சீக்கிரமே உறிஞ்சிருது. அதுக்கப்புறமும் வடிக்காம வச்சிருந்தா, தண்ணி திரும்ப உடம்புக்கே போயிரும். மத்தியானப் பைய நேரத்துக்கு வடிக்கிறீங்களா?"

 மனைவிதான் சொன்னாள்.

"ஆள் வந்தா இவுக எந்திரிக்கவே மாட்டாக டாக்டர். எங்கண்ணன் வந்து உக்காந்தா, அவுக போற வரைக்கும் அப்படியே இருப்பாக."

உண்மைதான். மச்சான் கெங்குவார்பட்டியிலிருந்து நலம் விசாரிக்க வருவார். பெண் கொடுத்த வீட்டு மூத்தவரை உட்கார வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்துவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை.

"இனிமே இடைவெளியக் குறைங்க. அப்பவும் சரியா வடியலைன்னா மிஷின்தான்," என்றார் டாக்டரம்மா.

அடுத்த வாரமே மச்சான் வந்தார், மகள் கல்யாணத்துக்கு அழைக்க. பேசிக்கொண்டிருக்கும்போதே பை மாற்றும் நேரம் வந்தது.  மனைவி என்னையே பார்த்தாள்.

"மச்சான், பை மாத்தணும்."

"மாத்துங்க மாப்ள. நான் இங்கனதான இருக்கேன்."

"கதவச் சாத்தணும்."

"நான் என்ன கிருமியா?"

"கிருமி இம்புட்டுப் பேசாதுண்ணே," என்றாள் மனைவி.

அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன். காற்றில்லாத அறையில் வேர்த்து ஒழுகியது. கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"மாப்ள, தண்ணி பாயுதா? மோட்டார் போடணுமா?"

"பாயுது மச்சான்."

கண்ணால் பார்க்கும்போதே தெரிந்தது, விட்டதைவிடக் கூடுதலாகத்தான் வடிந்திருந்தது. மிஷின் இப்போதைக்கு இல்லை.

"அப்ப கல்யாணத்துக்கு மொத நாளே வந்து தங்கிருங்க. அத்தை புருசன் இல்லாம சபை நெறையுமா?"

கெங்குவார்பட்டியில் தாலி கட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குத் திரும்பினாலும் ஒரு பை நேரம் தாண்டிவிடும். கல்யாண வீட்டில் யாரும் நுழையாத அறைக்கு எங்கே போவது? புதுப் பை மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து கதவைத் திறந்து அவர் முகம் பார்த்துச் சொல்லவும் முடியாது.

"என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்?"

"உங்க தங்கச்சிய மட்டும் அனுப்பி வைக்கிறேன் மச்சான்," என்றேன்.

நாற்காலி நகரவில்லை. பை முழுதும் இறங்கி நான் கதவைத் திறக்கும் வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.