வெண்டல் விரித்த பிளாஸ்டிக்

ஓலீட்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பின்சீட்டில் கட்டிப் புரளும் தடிப்பயல்களை ஒரே அதட்டலில் பெட்டிப்பாம்பாக அடக்கிவிடுவாள். நிஜப் பாம்பு என்றால் மட்டும் கதை வேறு. முற்றத்தில் தோட்டக் குழாய் சுருண்டு கிடந்தால்கூட அலறிவிடுவாள். சின்ன வயதில் புல் மண்டிய பாதையில் பள்ளிக்கூடம் போகும்போது அண்ணன் வெண்டல்தான் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பான். மண்ணில் டொக் டொக்கென்று தட்டுவான், நின்று கேட்பான், திரும்பி, "ஒண்ணுமில்ல, வா" என்பான். அவன் சொன்னால் சரி. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஓலீட்டாவுக்கு அவன் சொன்னால் சரிதான்.

சதுப்பும் ஓடையுமான பாம்லிகோ ஆற்றுப் பக்கத்து வீடுகளெல்லாம் செங்கல் கால்கள்மேல் நிற்பவை. தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் வயிற்றால் ஊர்ந்து போகிற அளவுக்கு ஓர் இருட்டு. வீட்டடி. நாய் போகும், பூனை போகும், எலி போகும், வீட்டுக்காரர்கள் போவதில்லை. சுற்றுச்சுவரில் காற்றுக்கென்று சின்னச் சின்னக் கம்பி ஓட்டைகள் உண்டு. ஈஸ்டர் வந்தால் திறப்பார்கள், முதல் பனி விழுந்தால் மூடுவார்கள். ஓலீட்டாவின் அப்பா சாகும்வரை அப்படித்தான் செய்தார்.

"அப்பா செஞ்சது சுத்தத் தப்பு" என்பான் வெண்டல். வீட்டடியை ஈரம் ஏறாமல் அடைத்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கோழிக்காலை ஆட்டி ஆட்டிப் பாடம் எடுப்பான். "நம்ம ஊரு கோடைக்காத்து காத்தா? நனைஞ்ச துணி. அத உள்ள விட்டா உத்தரமெல்லாம் வேர்த்துக் கொட்டும். மொதல்ல மண்ணு மேல பூரா பிளாஸ்டிக் விரிக்கணும். சுவரு வரைக்கும் ஏத்தி ஒட்டணும். அதுக்கப்புறம்தான் ஓட்டைய அடைக்கணும். மண்ண மூடாம ஓட்டைய மட்டும் அடைச்சான்னு வையி, கொதிக்கிற பானைக்கு மூடி போட்ட மாதிரி. வீடே அவிஞ்சு போயிடும்."

கேட்டுக் கேட்டு ஓலீட்டாவுக்கே மனப்பாடம்.

அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பீ மூத்திரம் அள்ளியது ஓலீட்டா. கல்யாணம் என்ற பேச்சையே அதற்காக ஒதுக்கிவைத்தவள். அம்மாவும் அதை மறக்கவில்லை. ஓலீட்டா இருக்க ஆசைப்படும்வரை வீடு அவளுக்கு. அவளாக விட்டுப் போனால்தான் விற்று ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டுப் போனாள். வெண்டல் அதற்கு ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அடக்கம் முடிந்த அடுத்த மாதமே பிளாஸ்டிக் உருளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான்.

"காசெல்லாம் வேணாம். தங்கச்சிக்கு இதுகூடச் செய்யலன்னா நான் என்ன அண்ணன்?"

வேலை முடிந்ததும் வீட்டடிக் கதவைத் திறந்து, "எட்டிப் பாரேன்" என்றான். அவள் தள்ளி நின்றே பார்த்தாள். கல்யாண மேசை விரிப்புப்போல வெள்ளை வெளேரென்று கிடந்தது. நடுவில் புகைபோக்கியின் செங்கல் அடித்தளம் பூதம்போல நின்று அதற்கப்பால் பார்வையை மறைத்தது. அன்றைக்கு அவள் அழுதுவிட்டாள். சர்ச்சில் எழுந்து நின்று, இப்படி ஓர் அண்ணனைக் கொடுத்ததற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

மறு கோடையில் அம்மா அறையில் முடை நாற்றம் கிளம்பியது. அதற்கடுத்த கோடையில் தரை, காலடியில் ஊறிய ரொட்டியாக அமுங்கியது. வெண்டல் டார்ச்சோடு கீழே போய்விட்டு வந்து கையைத் தட்டிக்கொண்டான்.

"கீழ பளிங்கு மாதிரி இருக்கு, ஓலி. பிளாஸ்டிக்குல குறையே இல்ல. மரத்துக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். ஓடைப் பக்கம் ஒருத்தன் இந்த வீட்ட நல்ல விலைக்குக் கேக்குறான். எனக்கென்ன, உன் சௌகரியத்துக்குத்தான் சொல்றேன்."

"அம்மா வீடுண்ணே."

"அம்மா போயாச்சும்மா."

அவள் யோசிக்கத் தொடங்கியிருந்தாள். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் சரியென்று தலையாட்டியிருப்பாள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குப் போட அம்மாவின் தொப்பியை எடுக்கப் போனபோது, அலமாரிக்கு முன்னால் பலகை உடைந்து ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. சிராய்ப்போடு தப்பித்தாள். ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால், கீழே வெள்ளை இல்லை. கறுப்பாக, பளபளவென்று, நனைந்த மண்.

அப்போதும் அவளுக்கு அண்ணன்மேல் சந்தேகம் வரவில்லை. இந்த ஒரு மூலை விட்டுப்போயிருக்கும், பாவம், அவனுக்கும் வயதாகிறது என்று நினைத்தாள். அவனிடம் கேட்டால் மனம் நோவானே. நாமே ஒருதரம் பார்த்துவிடுவோம் என்றுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, வீட்டடிக்குள் தலையை நுழைத்தாள். இப்படியும் ஒரு பைத்தியக்காரி இருப்பாளா? இருந்தாள்.

முழங்கை சிராய்க்கச் சிராய்க்க ஊர்ந்தாள். பிளாஸ்டிக் சரசரத்தபோதெல்லாம் செத்துப் பிழைத்தாள். புகைபோக்கி வரைக்கும் வேலை அப்பழுக்கில்லை. அதைத் தாண்டினால் பாதி வீட்டுக்கு வெறும் மண். உத்தரமெல்லாம் பூஞ்சணம் பூத்து, சொட்டுச் சொட்டாக நீர் கோத்து நின்றது. மிச்ச உருளைகள் புகைபோக்கிக்குப் பின்னால் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. வெறும் சோம்பேறித்தனம் என்று மன்னித்துவிட அதுவரை அவள் தயார். ஆனால் கடைசி மூலையில் டார்ச்சைத் திருப்பியபோது காற்று ஓட்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் தெர்மாகோல் பலகை, அளவாக வெட்டி, சந்தில்லாமல் ஒட்டியிருந்தது.

கொதிக்கிற பானைக்கு மூடி. ஓலீட்டா அந்த ஈரத்திலேயே முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மதியம் வெண்டல் வந்தபோது குளித்து முடித்து, கெளுத்தி மீன் வறுத்து, மேசை போட்டிருந்தாள்.

"சர்ச்சுல ஆளக் காணோம்? பாஸ்டர் கேட்டாரு."

"உடம்பு முடியல." மீனை அவன் தட்டில் வைத்தாள். உதவிக்கு வந்த எவனாவது செய்ததாக இருக்கட்டும் என்று கடைசியாக ஒரு நப்பாசை. "அம்மா ரூமுக்குக் கீழ இருக்கிற ஓட்டையெல்லாம் யாருண்ணே அடைச்சது? கூட ஆள் யாரும் வந்தாங்களா?"

"ஆளாவது? நானே ஊர்ந்து போயி என் கையால அடைச்சேன். ஒரு ஈ நுழையாது."

"அப்போ மண்ணு ஏன் வெறுமனே கெடக்கு?"

"எவன் சொன்னான்?"

"நான் பாத்தேன்."

"நீயா? கீழயா?" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. பிறகு அவள் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தான்; சிரிப்பு நின்றது.

"ஓலி, கேளு. இந்தப் பாழுங்கூட்டுல நீ தனியா கெடந்து என்னத்தக் காணப்போற? சொன்னா கேக்க மாட்ட. வீடே உன்ன வெளிய அனுப்பட்டும்னு விட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

"காலு ஒடிஞ்சிருந்தா?"

"மெள்ள மெள்ளத்தான் மரம் உளுத்துப்போகும். உனக்கொண்ணும் ஆகாதுன்னு எல்லாம் கணக்குப் பண்ணித்தான்..."

"நான் கீழ எறங்கவே மாட்டேன்னும் கணக்குப் பண்ணுனியா?"

வெண்டல் மீனின் முள்ளை எடுக்கத் தொடங்கினான். வீட்டைத் திருடியிருந்தால்கூட அவளுக்கு இப்படி எரிந்திருக்காது. அவள் பயத்தை அல்லவா திருடியிருக்கிறான். அவள் உலகத்தில் ஒரே ஒருவனிடம் நம்பிக் கொடுத்திருந்த பயத்தை.

அவள் எழுந்து வெளியே போனாள். ஓட்டைகளை அடைத்த தெர்மாகோலைப் பெயர்க்கக் கொட்டகையிலிருந்து மண்வாரியை எடுத்துக்கொண்டு வீட்டடிக் கதவைத் திறந்தாள். வெண்டல் வாயைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடி வந்தான்.

"ஓலி, வேணாம்! மழை பேஞ்சிருக்கு, சதுப்புல இருந்து பாம்பு ஏறி வந்திருக்கும். தள்ளு, நான் போறேன். இன்னிக்கே விரிச்சுக் குடுத்துடறேன்."

"மீன் ஆறுது, வெண்டல். சாப்பிட்டுட்டுக் கெளம்பு."

பிறந்ததிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவள் மண்டியிட்டாள். மண்வாரியின் காம்பை இருட்டுக்குள் நீட்டி, டொக் டொக்கென்று தட்டினாள். நின்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, வா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே ஊர்ந்தாள்.