பச்சைத் தண்ணீர்க்காரி

எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டு போடும் அறையில் அந்த அம்மாள் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கட்டக்கா என்றுதான் பெயர். டாக்டர் எலும்பை நேராக்கிவிட்டுப் போய்விடுவார். அது நேராகவே இருக்க வேண்டும் என்ற கவலை கட்டக்காவுடையது. மாவு தடவிய துணிச்சுருளை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கியதும் லேசாகப் பிழிந்து, சுற்றுக்குமேல் சுற்றாகச் சுற்றி, உள்ளங்கையால் நீவிவிடுவார். ஐந்து நிமிடத்தில் கட்டு வெதுவெதுக்கும்.

"என்னக்கா, அடுப்பே இல்லாம சுடுது?" என்று கேட்காத நோயாளி கிடையாது.

"ஒரு கல்லைச் சுட்டு, உள்ள இருந்த தண்ணியை விரட்டித்தான் இந்த மாவைப் பண்றாங்க. இப்ப தண்ணி திரும்பக் கிடைச்சதும் அன்னிக்கு வாங்கின சூட்டைக் கக்குது. கக்கட்டும், அடங்கிடும்."

இந்த அறைக்குத்தான் கையில் கடிகாரத்துடன் புது நிர்வாகி வந்து சேர்ந்தார். முன்பு பிஸ்கட் ஆலையில் இருந்தவராம். அங்கே உடைந்ததை யாரும் கட்டிக்கொண்டிருப்பதில்லை. வெந்நீரில் முக்கினால் கட்டு சீக்கிரம் இறுகும், வரிசை குறையும் என்று கண்டுபிடித்தார். உடனே சுவரில் கீசர் ஏறியது. பக்கத்தில் ஒரு பலகையும்: "வெந்நீர் மட்டுமே பயன்படுத்தவும்."

கட்டக்கா பலகையைப் படித்தார். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. திங்கள் முதல் வெந்நீர். இல்லையென்றால் சலவைத்துணி மடிக்கும் அறைக்கு மாற்றம்.

வீட்டில் அவருடைய கணவர், பஸ் கண்டக்டர், கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நீ போடுற கட்டைவிட நீதான் சீக்கிரம் இறுகிடுறே. சுடுதண்ணிதானே ஊத்தச் சொல்றாரு, ஊத்திட்டுப் போயேன்."

"சும்மா இருங்க. பச்சைத் தண்ணில அந்தச் சூடு கொஞ்சம் கொஞ்சமா வெளியேறும். சுடுதண்ணின்னா மொத்தமும் ஒரே மூச்சுல கொட்டும், தண்ணியோட சூடு வேற. மரத்துப்போக ஊசி போட்டுக்கிட்டு வர்றவனுக்குச் சுடுறது தெரியுமா? பிரிக்கும்போது தோலும் கூட வரும்."

திங்கள்கிழமை நிர்வாகி வந்தார். பெஞ்சில் கணுக்கால் உடைந்த லாரி டிரைவர் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

"சுடுதண்ணி எங்கம்மா?"

"கீசர்லதான் சார், பத்திரமா இருக்கு."

"கட்டுன்னா கொஞ்சம் வெதுவெதுப்பாத்தான் இருக்கும். சும்மா பூச்சாண்டி காட்டாதீங்க."

"அப்ப உக்காருங்க சார், உங்க கையிலயே போடுறேன். ஒண்ணும் ஆகலேன்னா நானே துணி மடிக்கப் போயிடுறேன்."

"போட்டுக்குங்க சார்," என்றார் லாரி டிரைவர். "என் காலுக்கு ஒரு ஒத்திகையா இருக்கும்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே திரும்பிப் போக முடியாத நிர்வாகி உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

கட்டக்கா கீசரைத் திறந்து வாளியை நிரப்பினார். முழுக்கட்டு போடவில்லை, முழங்கைக்குக் கீழே பஞ்சு சுற்றி, அடிப்பக்கம் மட்டும் ஒரு மாவுப் பட்டை வைத்து, மேலே துணி சுற்றி, தலையணைமேல் கையைக் கிடத்தினார். பட்டையில் மடிப்பு கூடக்கூடச் சூடும் கூடும்; எத்தனை மடிப்பு வைத்தார் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

இரண்டாவது நிமிடத்தில் நிர்வாகி, "பாத்தீங்களா, அதுக்குள்ள இறுகிடுச்சு!" என்றார். நான்காவது நிமிடத்தில் உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார்.

"சுடுதும்மா."

"இன்னும் காயலை சார்."

"எடுங்கம்மா!"

"உங்க கடிகாரத்துல ஆறு நிமிஷம்தான் ஆகுது. இதுவே முழுக்கட்டுன்னா ரம்பம் வச்சுத்தான் அறுக்கணும் சார்." சொல்லிக்கொண்டே கத்தரியால் ஒரே வெட்டில் துணியைப் பிரித்துவிட்டார். கொப்புளம் இல்லை, கை மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. அதைப் பிடித்துக் குழாயடியில் நீட்டினார். "இதுதான் சார் பச்சைத் தண்ணி."

கையோடு கொண்டுவந்திருந்த மாற்றல் கடிதத்தை நிர்வாகி இடது கையால் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மடிக்கும் வேலை அத்துடன் முடிந்தது.

பலகையைக் கழற்ற யாரும் உத்தரவு போடவில்லை. போட்டால் தப்பு நடந்ததாக ஆகிவிடும். அதன் அடியில் கட்டக்கா மாவைக் குழைத்து விரலால் எழுதினார்: "கை கழுவ."

பிறகு வாளியைக் கவிழ்த்து, பச்சைத் தண்ணீர் பிடித்தார்.

"எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" என்றார் லாரி டிரைவர்.

"ஆகுற நேரம் ஆகும். காலை ஆட்டாம உக்காரு."